வெப்பத்தையும் மின்சாரத்தையும் எப்படிக் கூட்டுவது? - இணை உற்பத்தி நிலையங்களை அளந்த வரலாறு

ஒரு சாதாரண அனல்மின் நிலையத்தில் 100 அலகு ஆற்றலுள்ள நிலக்கரியை எரித்தால், அதில் ஏறக்குறைய 35 முதல் 40 அலகு மட்டுமே மின்சாரமாகிறது. மீதியில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு ஆற்றிலோ கடலிலோ காற்றிலோ கலந்துவிடும். அந்த மின் நிலையத்திற்குப் பக்கத்திலேயே குளிரில் நடுங்கும் ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அறையைச் சூடாக்குவதற்காகத் தனியாக எரிபொருள் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெப்பத்தைக் கொட்டுகிறார்கள், மறுபக்கம் வெப்பத்தை விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டையும் இணைத்தால் என்ன? இந்த எளிய கேள்வியில் பிறந்ததுதான் வெப்பம்-மின்சாரம் இணை உற்பத்தி. தமிழ்நாட்டின் சர்க்கரை ஆலைகளில் 'கோ-ஜெனரேஷன்' என்று சொல்லப்படுவதும் இதுவே.

இத்தகைய நிலையங்களைப் பற்றிய விளம்பரங்களில் 80 சதவீதம், 90 சதவீதம் பயனுறுதிறன் என்ற எண்களைக் காணலாம். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. நூறு ஆண்டுகளாகப் பொறியாளர்களும் அரசுகளும் இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். எந்த விடையை ஏற்றுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து யாருக்குப் பணம் போகிறது, எந்த நிலையம் கட்டப்படுகிறது என்பதும் மாறிவந்தது.

ஆரம்பத்தில் அளவீடு சுலபமாக இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீரை இறைக்கும் நீராவி இயந்திரங்களை, ஒரு புஷல் நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு நீரை ஓர் அடி உயரம் தூக்குகின்றன என்ற கணக்கால் அளந்தார்கள். 1811 முதல் ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு சுரங்கத்தின் எண்ணையும் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். போட்டி வந்தது, இயந்திரங்கள் மேம்பட்டன. 1877-இல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹாலி என்பவர் ஒரு பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியே வீடுகளுக்கு நீராவி கொடுத்தார். அங்கேயும் கணக்கு எளிது; எவ்வளவு எரித்தோம், எவ்வளவு வெப்பம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் போதும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

உள்ளே ஒன்றாகவும் வெளியே இரண்டாகவும் ஆனபோதுதான் கணக்கு குழம்பியது. டென்மார்க்கின் ஃபிரடெரிக்ஸ்பெர்க் நகரில் 1903-இல் திறக்கப்பட்ட குப்பை எரிக்கும் நிலையம் மின்சாரமும் தந்தது, மருத்துவமனைக்கு வெப்பமும் தந்தது. இதன் பயனுறுதிறன் என்ன? இரண்டையும் கூட்டி, எரிபொருளால் வகுத்தால் ஓர் எண் வரும். ஆனால் கூட்டலாமா?

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். முதல் நிலையம் 100 அலகு எரிபொருளிலிருந்து 30 அலகு மின்சாரமும் 50 அலகு வெப்பமும் தருகிறது. இரண்டாவது நிலையம் 45 அலகு மின்சாரமும் 35 அலகு வெப்பமும் தருகிறது. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 80. ஆகவே இரண்டும் சமம் என்கிறது இந்தக் கணக்கு. மின்சாரத்தைக் கொண்டு ரயில் ஓட்டலாம், விளக்கேற்றலாம், வேண்டுமானால் வெந்நீரும் வைக்கலாம். வெந்நீரைக் கொண்டு ரயில் ஓட்ட முடியாது. ஆகவே இரண்டாவது நிலையமே மேலானது என்பது யாருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. இன்னும் வேடிக்கை என்னவென்றால், மின்சாரமே தயாரிக்காத ஒரு சாதாரண வெந்நீர்க் கொதிகலன் 100 அலகில் 90 அலகை வெப்பமாகத் தந்துவிடும். கூட்டல் கணக்கின்படி பார்த்தால் அதுவே இரண்டையும் வென்றுவிடுகிறது!

இதற்கான விடை கொள்கையளவில் முன்பே இருந்தது. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ, வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்றும், அது சூடான பக்கத்தின் வெப்பநிலையையும் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது என்றும் காட்டினார். சுற்றுப்புறம் 27 டிகிரி என்றால், 100 டிகிரியில் உள்ள வெப்பத்திலிருந்து அதிகபட்சம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்ற முடியும். அதாவது அந்த வெப்பத்தின் ஓர் அலகு, மின்சாரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம். இப்படி 'வேலை செய்யக்கூடிய பகுதி'யை மட்டும் எண்ணும் அளவுக்கு 1956-இல் ஸ்லோவேனியரான சோரன் ராண்ட் 'எக்சர்ஜி' என்று பெயரிட்டார். இந்த அளவுகோலில் முதல் நிலையம் 40, இரண்டாவது 52, வெறும் கொதிகலன் 18 என்று வருகிறது. வரிசை சரியாகிவிட்டது.

ஆனாலும் அரசுகள் எக்சர்ஜியை எளிதில் ஏற்கவில்லை. காரணமும் உண்டு. எந்த நாளின் சுற்றுப்புற வெப்பநிலையை எடுப்பது? ஒவ்வொரு குழாயிலும் ஓடும் நீரின் வெப்பநிலையை ஆண்டு முழுவதும் யார் குறித்து வைப்பது? அதோடு, குளிரில் இருப்பவருக்கு வேண்டியது கதகதப்பு. அந்த வெப்பம் வேலை செய்யுமா செய்யாதா என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. எனவே சட்டங்களும் நிர்வாகங்களும் தத்தம் வசதிக்கேற்பக் குறுக்குவழிகளைக் கண்டுபிடித்தன.

அவற்றில் மிகப் பெரிய அளவில் நடைமுறையில் இருந்தது சோவியத் ஒன்றியத்தின் கணக்கு. 1924 நவம்பர் 25 அன்று லெனின்கிராடின் மூன்றாவது மின் நிலையத்திலிருந்து ஃபொன்தான்கா கரையில் 96-ஆம் எண் வீட்டுக்கு வெப்பம் அனுப்பப்பட்டது. அங்கிருந்து தொடங்கி உலகின் மிகப் பெரிய நகர வெப்ப விநியோக அமைப்பை அந்த நாடு கட்டியெழுப்பியது. ஒவ்வொரு நிலையமும் ஓர் யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் எரிபொருள் செலவழித்தது என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரே அடுப்பில் வெந்த சோற்றையும் குழம்பையும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கு எத்தனை விறகு என்று கேட்பதைப் போன்றதுதான் இது.

அவர்கள் கையாண்ட முறைக்கு 'பௌதிக முறை' என்று பெயர். அனுப்பிய வெப்பம் சாதாரணக் கொதிகலனில் தயாரானதாகவே வைத்துக்கொண்டு, அதற்குரிய எரிபொருளை முதலில் கழித்துவிடுவார்கள். மிஞ்சியது மின்சாரத்தின் கணக்கில் வரும். மேலே கண்ட முதல் நிலையத்தில் இதைப் போட்டுப் பார்த்தால், 50 அலகு வெப்பத்துக்கு 90 சதவீதக் கொதிகலன் கணக்கில் 55.6 அலகு எரிபொருள் போகிறது. மீதி 44.4 அலகில் 30 அலகு மின்சாரம். அதாவது மின்சாரத்தின் பயனுறுதிறன் 67 சதவீதத்துக்கும் மேல்! கிலோவுக்கு 7000 கிலோகலோரி உள்ள நிலக்கரியில் சொன்னால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 182 கிராம். முழு 100 சதவீதத்திலும் 123 கிராம் தேவை என்பதால் இது வியப்பூட்டும் எண். எந்தச் சாதாரண அனல்மின் நிலையமும் இதன் பக்கத்தில் வர முடியாது.

இணைத்துச் செய்ததால் கிடைத்த மிச்சம் முழுவதையும் மின்சாரத்துக்கே கொடுத்துவிட்டதால் வந்த எண் இது. மின்துறைக்கு இதில் மகிழ்ச்சி. ஆனால் வெப்பம் வாங்கும் வீட்டுக்கோ ஆலைக்கோ ஒரு பைசா இலாபமும் இல்லை. தனியாகக் கொதிகலன் வைத்திருந்தால் ஆகும் எரிபொருளே அவர்கள் தலையில் எழுதப்பட்டது. இன்னொரு குறையும் உண்டு. டர்பைனுக்குள் பாதி வேலை செய்து களைத்த நீராவியைக் கேட்பவருக்கும், கொதிகலனிலிருந்து வந்த புத்தம்புது உயரழுத்த நீராவியைக் கேட்பவருக்கும் ஒரே கணக்கு. குறைந்த சூட்டிலேயே சமாளித்துக்கொள்பவருக்கு எந்தச் சலுகையும் இல்லை என்று சோவியத் பொறியாளர்களிலேயே பலர் எதிர்த்து வாதிட்டார்கள். அரசே எல்லாவற்றுக்கும் உரிமையாளராக இருந்த வரையில் அது ஏட்டளவு வாதமாகவே நின்றது. சந்தைப் பொருளாதாரம் வந்ததும், ஆலைகள் சொந்தக் கொதிகலன் கட்டிக்கொண்டால் என்ன என்று யோசிக்கத் தொடங்கின. 1996 முதல் ரஷ்யாவில், மிச்சத்தை வெப்பத்துக்கும் பங்கிட்டுத் தரும் விகித முறைக்கு மாறினார்கள்.

டென்மார்க் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 1973 எண்ணெய் நெருக்கடி அந்த நாட்டைப் பலமாக உலுக்கியது. இறக்குமதி எண்ணெயை நம்பியே வீடுகள் சூடாகிக்கொண்டிருந்தன. 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. மக்களைப் பொதுக் குழாயில் சேரச் செய்ய வேண்டுமென்றால் வெப்பம் மலிவாக இருக்க வேண்டும். டர்பைனிலிருந்து நகரத்துக்கு வெப்பம் எடுத்தால் மின்சாரம் கொஞ்சம் குறையும். ஆனால் குறைவது அதிகமில்லை. 5 முதல் 8 அலகு வெப்பத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம்தான் இழப்பு. ஆகவே வெப்பத்தின் மேல் முழு எரிபொருளையும் சுமத்துவது நியாயமில்லை அல்லவா? டேனிஷ் கணக்குகளில் வெப்பம் 125 சதவீதப் பயனுறுதிறனில் உற்பத்தியானதாகவும், வேறு சிலவற்றில் 200 சதவீதத்தில் உற்பத்தியானதாகவும் கொள்ளப்பட்டது. 200 சதவீதம் என்று கேட்டதும் இயற்பியல் ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அது அளந்த எண் அல்ல, பங்கீட்டு விதி. 50 அலகு வெப்பத்துக்கு 25 அலகு எரிபொருளை எழுது, மீதி 75-ஐ மின்சாரத்தின் பெயரில் எழுது என்று பொருள். நம் முதல் நிலையத்தின் மின்சாரம் இப்போது 40 சதவீதம் ஆகிவிட்டது. அதே இயந்திரம், அதே எரிபொருள். லெனின்கிராடில் 67, கோபன்ஹேகனில் 40.

அமெரிக்காவில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே சுவையான பகுதி எனலாம். 1978 நவம்பரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பொதுப் பயன்பாட்டு நிறுவன ஒழுங்குமுறைச் சட்டம், பர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, மின்சார நிறுவனங்களின் ஏகபோகத்தில் ஓட்டை போட்டது. தகுதி பெற்ற இணை உற்பத்தி நிலையம் யார் கட்டினாலும், அந்த மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்திருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அந்த விலைக்கு மின் நிறுவனங்கள் வாங்கியே ஆக வேண்டும். உறுதியான வாடிக்கையாளர், உறுதியான விலை. இதைவிட நல்ல வியாபாரம் கிடையாது. ஆகவே 'தகுதி' என்றால் என்ன என்பது கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள கேள்வியாயிற்று.

ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விடை இது: மின்சாரத்தை முழுதாக எண்ணு, பயனுள்ள வெப்பத்தில் பாதியை எண்ணு, இரண்டையும் கூட்டினால், எரித்த எண்ணெய் அல்லது எரிவாயுவின் ஆற்றலில் 42.5 சதவீதமாவது வர வேண்டும். வெப்பத்தின் பங்கு மொத்த உற்பத்தியில் 15 சதவீதத்துக்கும் குறைவென்றால் 45 சதவீதம் வர வேண்டும். எப்படியிருந்தாலும் வெப்பத்தின் பங்கு 5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஏன் பாதி? கார்னோவின் விதியிலிருந்து பாதி என்ற எண் வராது. வெப்பம் மின்சாரத்தைவிட மதிப்புக் குறைந்தது என்பதை எல்லாருக்கும் புரியும்படி எழுதிவைத்த ஒரு சமரசம் அது. ஆனால் வெறும் கூட்டலைவிட இது எவ்வளவோ மேல். நம் இரண்டு நிலையங்களும் இதில் 55, 62.5 என்று பிரிந்துவிடுகின்றன.

ஓட்டை எங்கே இருந்தது? அந்த 5 சதவீதத்தில்தான். ஒரு நிலையம் 100 அலகு எரிவாயுவில் 44 அலகு மின்சாரமும் 2.4 அலகு வெப்பமும் மட்டும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 44-உம் 1.2-உம் சேர்ந்து 45.2. வெப்பத்தின் பங்கும் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தேர்வில் பாஸ்! ஆனால் மீதி 53 அலகுக்கு மேல் கழிவாகப் போய்விடுகிறது. இது பெயரளவில்தான் இணை உற்பத்தி. 1980-களில் எரிவாயு டர்பைனையும் நீராவி டர்பைனையும் சேர்த்து ஓட்டும் நிலையங்கள் முன்னேறியபோது, மின்சாரத்தை மட்டும் கொண்டே 45-ஐ நெருங்குவது சாத்தியமாயிற்று. தேவைப்பட்டது அந்தச் சிறு வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஒருவர். பக்கத்தில் ஒரு பசுமைக்குடில் போட்டுச் செடி வளர்ப்பார்கள், அல்லது காய்ச்சி வடித்த நீர் தயாரிப்பார்கள். இத்தகைய நிலையங்களுக்குப் 'பர்பா எந்திரங்கள்' என்ற கேலிப் பெயரே உண்டாயிற்று. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம்தான், புதிய நிலையங்களின் வெப்பம் உண்மையிலேயே பயனுள்ள வகையில் பயன்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. அதற்கான விதிகள் 2006-இல் வந்தன. விதி பிறந்து கால் நூற்றாண்டு கழித்து!

இந்தப் 'பாதி வெப்பம்' விதி கடல் கடந்தும் பயணம் செய்திருக்கிறது. 2009-இல் இந்தியாவின் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கட்டண விதிமுறைகளில், கரும்புச் சக்கை போன்றவற்றை எரிக்கும் இணை உற்பத்தி நிலையங்களுக்கான தகுதி இப்படி இருந்தது: பயனுள்ள மின்சாரமும் பயனுள்ள வெப்பத்தில் பாதியும் சேர்ந்து, செலவழித்த ஆற்றலில் 45 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் பருவ காலத்தில். பருவம் என்ற அந்த ஒரு சொல் மிக முக்கியம். அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குச் சாறு காய்ச்ச நீராவி வேண்டும். அரவை நின்றபின் அதே கொதிகலனை மின்சாரத்துக்காக மட்டும் ஓட்டினால் வெப்பம் வாங்க ஆள் கிடையாது; அது மீண்டும் சாதாரண அனல்மின் நிலையமாகிவிடும். ஆண்டு முழுவதுக்கும் சராசரி எடுத்தால் எண் சரிந்துவிடும்.

கரும்புச் சக்கை இன்னொரு சிக்கலையும் வெளிக்காட்டுகிறது. வகுக்கும் எண், அதாவது எரிபொருளின் ஆற்றல், அதுவே நிலையானதல்ல. எரியும்போது உண்டாகும் நீராவி மீண்டும் நீராகும் வெப்பத்தையும் சேர்த்து எண்ணினால் மொத்த மதிப்பு. சேர்க்காவிட்டால் நிகர மதிப்பு. இயற்கை எரிவாயுவில் இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதம் அளவுதான். ஐரோப்பாவில் நிகர மதிப்பில் 85 சதவீதம் என்று சொல்லப்படும் நிலையம், மொத்த மதிப்பில் 77 ஆகிவிடும். அப்படியிருக்க, ஆலையிலிருந்து வரும் சக்கையின் எடையில் பாதி தண்ணீர். அங்கே நிகர மதிப்பு மொத்த மதிப்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்திய விதிமுறை கிலோவுக்கு 2250 கிலோகலோரி என்ற மொத்த மதிப்பை எடுத்துக்கொண்டது. இரண்டு நாடுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 பிப்ரவரியில் வெளியிட்ட ஆணை வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. வெப்பத்துக்கு என்ன மதிப்பு என்று சண்டை போடுவதை விட்டுவிட்டு, ஒரு கற்பனைக் கேள்வியைக் கேட்டது: இதே மின்சாரத்தையும் இதே வெப்பத்தையும் தனித்தனியாகத் தயாரித்திருந்தால் எவ்வளவு எரிபொருள் ஆகியிருக்கும்? மிச்சம் 10 சதவீதமாவது இருந்தால் அது உயர்திறன் இணை உற்பத்தி. தனித்தனி உற்பத்திக்கான அளவுகோல்களும் பிறகு வெளியிடப்பட்டன. எரிவாயுவில் மின்சாரத்துக்கு 52.5 சதவீதம், வெப்பத்துக்கு 90 சதவீதம். தட்பவெப்பம், மின்கம்பி இழப்பு போன்ற திருத்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் முதல் நிலையத்துக்கு 112.7 அலகு தேவைப்பட்டிருக்கும், மிச்சம் 11.3 சதவீதம். இரண்டாவதற்கு 19.7 சதவீதம். வெறும் கொதிகலனுக்குச் சுழியம். கூட்டல் கணக்கு போட்ட குளறுபடி இங்கே அடியோடு நீங்கிவிட்டது. அளவீடும் ஆண்டு முழுவதற்குமானது. கோபன்ஹேகன் அருகே 2001-இல் இயங்கத் தொடங்கிய அவெடோரே இரண்டாம் பிரிவுக்கு 49 சதவீத மின் திறன், 94 சதவீத எரிபொருள் பயன்பாடு என்று இரண்டு புகழ்பெற்ற எண்கள் உண்டு. இரண்டும் உண்மை, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. முதலாவது வெப்பம் எடுக்காமல் ஓடும்போது, இரண்டாவது வெப்பம் முழுதாக எடுக்கும்போது. ஆண்டுக் கணக்கு வந்தால்தான் இப்படிப்பட்ட உச்ச எண்களின் மயக்கம் தெளியும்.

ஆனால் இந்த முறையும் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் சிக்கிக்கொண்டிருக்கிறது. பழைய 40 சதவீத மின் நிலையத்தோடு ஒப்பிட்டால் நம் முதல் நிலையத்தின் மிச்சம் 23 சதவீதம் என்று வீங்கிவிடும். மறுபுறம், 2015-இல் அளவுகோல்களைத் திருத்தியபோது, 2016 முதல் கட்டப்படும் எரிவாயு நிலையங்களுக்கு மின்சாரம் 53, சுடுநீர் 92 என்று உயர்த்தினார்கள். இந்த எண்களைப் போட்டால் அதே நிலையத்தின் மிச்சம் 9.9 சதவீதம். ஒரு திருகாணிகூட மாறாமல், கட்டிய ஆண்டு ஒன்று தள்ளிப்போனதால் மட்டும், பெரிய நிலையமாக இருந்தால் 'உயர்திறன்' பட்டத்தையும் அதோடு வரும் ஆதரவையும் இழந்துவிடும்.

2023-இல் திருத்தி எழுதப்பட்ட ஐரோப்பிய ஆணை இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது. புதிதாகக் கட்டப்படும் புதைபடிவ எரிபொருள் நிலையங்கள், இணைந்து உற்பத்தியாகும் ஒரு யூனிட் ஆற்றலுக்கு 270 கிராமுக்கும் குறைவாகவே கரியமில வாயுவை வெளியிட வேண்டும். இயற்கை எரிவாயுவின் ஒரு யூனிட்டை எரித்தால் ஏறக்குறைய 202 கிராம் வெளிவரும். ஆகவே மொத்தத் திறன் 75 சதவீதம் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். நிலக்கரியில் 340 கிராம். 126 சதவீதத் திறன் இருந்தால்தான் தேற முடியும், அதாவது ஒருபோதும் முடியாது. நிலக்கரிக்குக் கதவை மூடுவதற்கு இது நேர்த்தியான வழிதான். ஆனால் அந்த 'ஒரு யூனிட் ஆற்றல்' எது என்று பார்த்தால், வெப்பமும் மின்சாரமும் சேர்ந்தது. வெந்நீரின் ஒரு யூனிட்டும் மின்சாரத்தின் ஒரு யூனிட்டும் அங்கே மறுபடியும் சரிசமமாக நிற்கின்றன. 10 சதவீத மிச்ச விதி பக்கத்திலேயே காவல் இருப்பதால்தான், 224 கிராமோடு வரும் வெறும் எரிவாயுக் கொதிகலன் இந்தப் பட்டியலில் முதலிடம் பிடிக்காமல் இருக்கிறது.